பீட் புகை மணக்கும் சிங்கிள் மால்ட் ஸ்காட்சைச் சுவைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்’ என்று எதை அழைக்கலாம்?

ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டுமே மூலதானியமாகக் கொண்டு, பானை வடிவ வடிகலன்களில் வடிக்கப்பட்ட விஸ்கியே சிங்கிள் மால்ட். 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகளின்படி, அது 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப் பீப்பாய்களில் ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும். புட்டியில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரையும் நிறத்துக்காகச் சேர்க்கும் கேரமலையும் தவிர வேறு எதையும் கலக்கக் கூடாது. ‘சிங்கிள்’ என்றால் ஒரே பீப்பாய் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. ஒரே வடிசாலையின் பல பீப்பாய்களைக் கலந்தே பெரும்பாலான சிங்கிள் மால்ட்கள் சந்தைக்கு வருகின்றன. புகை இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதிமுறைகள் எதுவும் சொல்லவில்லை; அது வடிசாலையின் விருப்பம்.

விஸ்கிக்குள் புகை எப்படிப் போகிறது?

சதுப்பு நிலங்களில் நீர் தேங்கிக் காற்றுப் புகாத நிலையில், பாசியும் புற்களும் ஹெதர் செடிகளும் முழுமையாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உருவாகும் கரிய மண்ணே பீட். அதை வெட்டியெடுத்துக் காயவைத்தால் விறகுபோல எரியும். மரங்கள் குறைந்த ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் அடுப்புக்கும் குளிர்காய்வதற்கும் நெடுங்காலம் அதுவே எரிபொருளாக இருந்தது. முளைவிட்ட பார்லியின் வளர்ச்சியை உரிய நேரத்தில் நிறுத்த அதைச் சூட்டில் உலர்த்த வேண்டும். அந்தச் சூடு பீட் நெருப்பிலிருந்து வந்ததால் புகையும் கூடவே வந்தது. இன்று உலர்த்துவதற்கு வேறு எரிபொருள்கள் தாராளமாகக் கிடைக்கும் நிலையில், பீட் மணத்துக்காக மட்டுமே எரிக்கப்படுகிறது.

உலர்த்தலின் தொடக்கத்தில், தானியத்தின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்போதுதான் புகைக்கு அதன் மணத்தைத் தரும் ஃபீனால் என்ற வகைச் சேர்மங்கள் உமியில் நன்றாகப் பற்றிக்கொள்ளும். அதனால் வெப்பத்தைத் தணித்து, புகையை மிகுதியாக எழுப்பும் வகையில் அந்த நேரத்தில் நெருப்பைக் கட்டுப்படுத்துவார்கள். தானியம் காய்ந்துவிட்டால் அதன்பின் எவ்வளவு புகை போட்டாலும் பெரிய பயனில்லை. ஆக, புகை நுழைவது பார்லியின் வழியாகத்தான். பீட் நிலத்தின் வழியே ஓடிவரும் பழுப்புநிறத் தண்ணீரால்தான் அந்த மணம் வருகிறது என்ற பேச்சு விளம்பரங்களுக்கு அழகாக இருக்கலாம், ஆனால் அந்த நீரின் பங்கு மிக அற்பமானது.

பீட் எங்கிருந்து வெட்டப்பட்டது என்பதும் மணத்தை மாற்றும். ஆர்க்னி தீவில் ஹைலேண்ட் பார்க் வடிசாலை பயன்படுத்தும் ஹாபிஸ்டர் பகுதியின் பீட்டில் ஹெதர் மிகுதி. அதன் புகையில் பூவின் இனிமை கலந்திருக்கும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஐலா தீவின் புகையோ தாரும் மருந்தும் கடற்கரையும் நினைவுக்கு வரும்படி இருக்கும்.

புட்டியைப் பற்றிப் பேசும்போது சொல்லப்படும் ‘பிபிஎம்’ எண் எதைக் குறிக்கிறது?

பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்பதை அந்த எண் சொல்கிறது. ஐலாவின் வடிசாலைகளில் பௌமோருக்கு ஏறத்தாழ 25, லாகவூலினுக்கு 35, லஃப்ரோய்க்குக்கு 40 முதல் 45 வரை, ஆர்ட்பெக்குக்கு 55 என்று சொல்வது வழக்கம். ப்ரூக்லாடி வடிசாலையின் ஆக்டோமோர் வரிசையில் 8.3 என்ற வெளியீடு 309 வரை போயிற்று.

இந்த எண்ணை நம்பிப் புட்டி வாங்குபவர் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். காரணம், அது உலர்த்திய பார்லியில் அளந்த எண். குவளையிலுள்ள விஸ்கியில் அளந்தது அல்ல. மாவாக்கி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டும்போது ஒரு பகுதி சக்கையோடு போய்விடும். வடிக்கும்போது மேலும் ஒரு பகுதி போகும். இங்கேதான் வடிப்பவரின் கை தெரிகிறது. இரண்டாவது வடிப்பில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். கனமான ஃபீனால்கள் கடைசியில்தான் மிகுதியாக வரும் என்பதால், நடுப்பகுதியைச் சீக்கிரமாக முடித்துக்கொண்டால் புகை குறையும். நீட்டித்தால் புகையும் தாரும் கூடும். அதன்பின் பீப்பாயில் கழியும் ஆண்டுகளும் தம் பங்குக்குக் குறைக்கும்.

இதைப் புரிந்துகொள்ள லாகவூலின் 16 ஆண்டும் குல் ஈலா 12 ஆண்டும் போதும் (பெயரோடு வரும் எண் பீப்பாயில் முதிர்ந்த ஆண்டுகளைக் குறிக்கும்). இரண்டும் ஐலா தீவைச் சேர்ந்தவை, இரண்டும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை, இரண்டுக்குமான மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, 1973இல் கட்டப்பட்ட போர்ட் எலன் ஆலையில் ஏறத்தாழ ஒரே அளவு புகையோடு தயாராகிறது, புட்டியில் இரண்டும் 43 சதவீதம்தான். ஆனால் குல் ஈலாவின் வடிகலன்கள் பெரியவை. அவற்றை நிரப்பாமல் நிறைய இடம் விட்டு வடிப்பதால் ஆவி வடிகலனின் செம்போடு நீண்ட நேரம் உறவாடி, கனமானவை திரும்பத் திரும்பக் கீழே விழுந்து, மெல்லிய, எலுமிச்சைச் சாயல் கொண்ட, எண்ணெய்ப்பதமான மது கிடைக்கிறது. பேரிக்காய் வடிவிலான லாகவூலின் வடிகலன்கள் மெதுவாக ஓடித் தடித்த, இனிப்பும் தாரும் செறிந்த மதுவைத் தருகின்றன. எண் ஒன்று, குவளையில் இருப்பது இரண்டு. முடிந்தால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள். பிபிஎம் பற்றிய எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது.

முதல்முறை சுவைப்பவர் எந்தப் புட்டியில் தொடங்கலாம்?

பழகாதவர் ஆர்ட்பெக்கிலோ லஃப்ரோய்க்கிலோ நேரடியாக இறங்குவதைவிட, பௌமோர் 12, ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10 ஆகியவற்றில் தொடங்குவது நல்லது. அவற்றில் புகை மற்ற மணங்களோடு ஒத்துப்போகிறது. எனினும், முதல் மிடறிலேயே லஃப்ரோய்க்கில் விழுந்து அதன்பின் வேறு எதையும் தொடாதவர்களும் இருக்கிறார்கள், ஆகவே இதை ஓர் ஆலோசனையாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு ஊற்ற வேண்டும்? எப்படிப்பட்ட குவளை தேவை?

சுவைத்துப் பார்ப்பதற்கு 15 முதல் 20 மில்லி போதும். நம் ஊர்க் கணக்கில் ஒரு ஸ்மாலைவிடக் குறைவு. லார்ஜ் ஊற்றிக்கொண்டு உட்கார்வது குடிப்பதற்கான ஏற்பாடு. மூன்று நான்கு வகைகளை ஒரே அமர்வில் பார்ப்பவர் துப்பிவிடவும் தயங்க வேண்டாம், தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். வண்டி ஓட்ட வேண்டியவர் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். உண்மையில் பாதிக்கு மேற்பட்ட வேலை மூக்கில்தான் முடிகிறது.

வாய் அகன்ற கண்ணாடித் தம்ளரில் மணம் சிதறிவிடும். அடி பருத்து வாய் குறுகிய குவளை வேண்டும். 2001இல் வந்த கிளென்கேர்ன் குவளை இதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அது கிடைக்காவிட்டால் சிறிய ஒயின் கோப்பையே போதும். பாத்திரம் கழுவும் சோப்பின் வாசனை ஒட்டியிருக்கிறதா என்று முன்கூட்டியே வெறுங்குவளையை முகர்ந்து பாருங்கள்.

முகரும்போது புகையைத் தவிர வேறு எதுவுமே தெரியவில்லையே?

எல்லோருக்கும் நேர்வதுதான், இதற்கு மருந்து பொறுமை. மூக்கு ஒரே மணத்தைத் தொடர்ந்து சந்தித்தால் சில நிமிடங்களில் அதற்குப் பழகி, அதை அறிவிப்பதைக் குறைத்துக்கொள்ளும். பீட் விஸ்கியைச் சுவைப்பதில் நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டியது இந்த இயல்பைத்தான். புகை உரத்த குரலில் பேசுவதால் அதை முதலில் பேசி முடிக்க விட்டுவிட்டு, பின்னால் நிற்பவற்றைக் கேட்க வேண்டும்.

ஊற்றியபின் ஐந்து பத்து நிமிடம் குவளையை அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு மூக்கைக் குவளைக்குள் நுழைக்காமல், விளிம்புக்குச் சற்று மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி மெதுவாக முகருங்கள். ஒயினைப்போல வேகமாகச் சுழற்றி ஆழமாக இழுத்தால் ஆல்கஹாலின் காந்தல்தான் மூக்கில் ஏறும். சிறிது நேரம் விலகிப் புதிய காற்றை இழுத்துவிட்டு மறுபடி வாருங்கள். இரண்டாம் மூன்றாம் முறைகளில் புகை பின்வாங்கத் தொடங்கும்.

ஆர்ட்பெக் 10 ஆண்டை எடுத்துக்கொள்வோம். 46 சதவீதம், குளிரூட்டி வடிகட்டாதது. முதல் முகர்வில் தார் பூசிய கயிறு, அணைத்த அடுப்பின் கரி. அடுத்த முறை எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் பீறிடும் எண்ணெய். அதற்கும் பின்னால், முன்பு அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த பீப்பாயிலிருந்து வந்த வெண்ணிலா. வாயில் வைத்தால் எதிர்பாராத இனிப்பு, உடனே மிளகுக் காரம், கடைசியில் பால் சேர்க்காத காபியின் கசப்பும் சாம்பலும். எலுமிச்சையைக் கண்டுபிடித்த பிறகு அந்த விஸ்கியை ‘புகை விஸ்கி’ என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

வாயில் எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

முதல் மிடறு கணக்கில் வராது. அது நாக்கை ஆல்கஹாலுக்குப் பழக்குவதற்கு மட்டுமே. இரண்டாவது மிடற்றைச் சிறிதாக எடுத்து, நாக்கு முழுவதும் பரவவிட்டு, சில நொடிகள் வைத்திருந்து விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுவது முக்கியம். தொண்டையிலிருந்து மேலேறும் ஆவி அப்போதுதான் மூக்கை அடைகிறது, பின்சுவை என்பதில் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் இருக்கிறது. பீட் விஸ்கிகளில் இது நிமிடக்கணக்கில் நீளும். கனமான ஃபீனால்கள் எளிதில் ஆவியாவதில்லை என்பதே காரணம். கழுவாமல் விட்ட குவளையை மறுநாள் காலையில் முகர்ந்தால் இது விளங்கும்: ஆல்கஹாலும் பழமணமும் போயிருக்கும், சாம்பல் மட்டும் அசையாமல் இருக்கும்.

மருத்துவமனை வாசனை ஏன் அடிக்கிறது? கெட்டுப்போனதா?

இல்லை. அந்த ஒற்றுமை தற்செயலும் அல்ல. 1865இல் கிளாஸ்கோவின் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் காயங்களில் கிருமி அண்டாமல் இருக்கப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனால்தான். அதன் உறவினர்களான கிரெசால்களும் நெடுநாள் கிருமிநாசினிகளில் இருந்துவந்தன. பீட் எரியும்போது எழும் புகையில் இதே ஃபீனாலும் கிரெசால்களும் குவாயகாலும் இருக்கின்றன. குவாயகால் இனிமையான விறகுப் புகையையும், கிரெசால்கள் மருந்தையும் தாரையும் தருகின்றன. எந்தச் சேர்மம் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒன்று அடுப்பங்கரையாகவும் மற்றொன்று கட்டுப்போடும் அறையாகவும் மணக்கிறது. கார்பாலிக் சோப்போடும் டிங்சர் அயோடினோடும் வளர்ந்த தலைமுறைக்கு லஃப்ரோய்க் 10 ஆண்டு ஏற்கெனவே அறிமுகமானதுபோலத் தோன்றுவதில் வியப்பில்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரையான காலத்தில், இந்த வாசனையின் புண்ணியத்தால் லஃப்ரோய்க் மருந்தென்ற பெயரில் உள்ளே போனது என்ற கதையும் உண்டு.

கடல் உப்பின் சுவை உண்மையிலேயே இருக்கிறதா?

உப்பு வடிகலனைத் தாண்டி ஆவியாக வராது. கடற்காற்று பீப்பாய்க்குள் புகுந்து உப்பேற்றுகிறது என்பதும் நாக்கு உணரும் அளவுக்கு நடப்பதில்லை. குல் ஈலாவின் பெரும்பகுதி தொட்டி லாரிகளில் ஸ்காட்லாந்தின் பெருநிலப்பகுதிக்குப் போய் அங்கேதான் முதிர்கிறது. ஆனாலும் அதில் கடற்கரை தெரிகிறது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் எழுதுவேன். சில ஃபீனால்கள் கடற்பாசியையும் அயோடினையும் நினைவூட்டுவதால் மனம் உப்பைத் தானாகச் சேர்த்துக்கொள்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். உணர்ந்ததைக் குறிப்பில் எழுதலாம், அதற்குக் கடலைக் காரணமாக்க வேண்டியதில்லை.

தண்ணீர் சேர்த்தால் தப்பா?

தப்பே இல்லை. ஸ்காட்லாந்தில் விஸ்கியைக் கலந்து தயாரிப்பவர்களே தண்ணீர் சேர்த்து மட்டுப்படுத்தித்தான் முகர்ந்து தேர்வு செய்கிறார்கள்.

2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் இருவரும் கணினி உருவகம் மூலம் ஆராய்ந்தபோது, பீட் விஸ்கியின் அடையாளமான குவாயகால் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும் கலவையில் குவாயகால் மூலக்கூறுகள் பெரும்பாலும் திரவத்தின் மேற்பரப்பில் இருந்தன. 59 சதவீதத்துக்கு மேல் போகும்போது எத்தனால் அவற்றைச் சூழ்ந்து உள்ளேயே வைத்துக்கொண்டது. மேற்பரப்பில் இருப்பதுதான் மூக்குக்கு வரும். விஸ்கியில் இருப்பவற்றுள் ஒரே ஒரு சேர்மத்தை வைத்துச் செய்த உருவகம் இது என்பதை மறக்கக் கூடாது. என்றாலும் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால், 40, 43 சதவீதப் புட்டிகளில் தண்ணீரின் தேவை குறைவு. சேர்த்தால் சில சொட்டுகள் போதும், மிஞ்சினால் சப்பென்று ஆகிவிடும். தண்ணீர் சேர்த்து அதிகம் குறைக்காமல், பீப்பாயின் வலுவிலோ அதற்கு நெருக்கமாகவோ அடைக்கப்படும் புட்டிகளில் நிலைமை வேறு. ஆர்ட்பெக் காரிவ்ரெக்கன் 57.1 சதவீதம். அதில் 20 மில்லி ஊற்றி ஒரு தேக்கரண்டித் தண்ணீர், அதாவது 5 மில்லி சேர்த்தால், ஏறத்தாழ 46 சதவீதத்துக்கு இறங்கும். ஒரேயடியாக ஊற்றாமல் கால் கரண்டியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். குளோரின் வாடையோ உப்போ இல்லாத தண்ணீராக இருக்கட்டும். நம் நகரங்களின் போர் தண்ணீர் கண்டிப்பாக வேண்டாம்.

ஐஸ் போடலாமா? சோடா?

குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும், இனிப்பு குறையும், புகையும் கசப்பும் தனித்து நிற்கும். சுவைத்துப் பார்க்கும் நோக்கமிருந்தால் ஐஸ் கூடாது. ஆனால் ‘அறை வெப்பநிலை’ என்று ஸ்காட்லாந்தில் சொல்வது 18, 20 டிகிரியை. சென்னையின் மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே 34 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் எழும். புட்டியைச் சற்று நேரம் குளிரான இடத்தில் வைத்துவிட்டு ஊற்றுவது நியாயமே. சுவைப்பு முடிந்து சாவகாசமாகக் குடிக்கும்போது சோடா பீட் விஸ்கிக்கு மிக நன்றாகப் பொருந்தும். கோலா பொருந்தாது, விலையை நினைத்தாலும் மனம் வராது.

வயது கூடக்கூடப் புகையும் கூடுமா?

குறையும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஃபீனால்கள் ஓரளவு மாற்றமடைந்தும் தணிந்தும் போக, மரத்தின் வெண்ணிலாவும் துவர்ப்பும் உலர்பழ இனிமையும் மேலெழுகின்றன. புகையின் முழு வீச்சை விரும்புபவர் இளம் விஸ்கியைத் தேடலாம். 2016இல் தன் 200ஆம் ஆண்டை ஒட்டி லாகவூலின் வெளியிட்ட 8 ஆண்டு விஸ்கியும், 5 ஆண்டு மட்டுமே முதிர்ந்த ஆர்ட்பெக் வீ பீஸ்டியும் இதற்கு நல்ல சான்றுகள். லாகவூலின் 8, அதன் புகழ்பெற்ற 16ஐவிடக் கூர்மையானது. தனிப்பட்ட முறையில் அதையே முதலில் எடுப்பேன். வயதை விலையோடு மட்டும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் பீட் விஸ்கி விஷயத்தில் காசைத்தான் கரைக்கும்.

நிறத்தை வைத்து எதையாவது சொல்ல முடியுமா?

மிகக் குறைவாகவே. கேரமல் சேர்க்க அனுமதி இருப்பதால் அடர்நிறம் நீண்ட முதிர்ச்சிக்குச் சான்றாகாது. நிறம் சேர்க்காத ஆர்ட்பெக் 10 வெளிறிய வைக்கோல் நிறத்தில்தான் இருக்கும்.

ஐலா விஸ்கி எல்லாமே புகை மணக்குமா? புகை மணப்பதெல்லாம் ஐலாவா?

இரண்டுமே இல்லை. புன்னஹாவன் 12 ஆண்டிலும் ப்ரூக்லாடியின் பெயர் தாங்கிய அடிப்படை விஸ்கியிலும் பீட் கிடையாது என்றே சொல்லலாம். மறுபுறம், மல் தீவின் லெடைக், கேம்பெல்டவுனின் லாங்ரோ, ஹைலேண்ட் பகுதியின் ஆர்ட்மோர் ஆகியவை புகை மணப்பவை. இந்தியாவிலும் பெங்களூருவின் அம்ருத்தும் கோவாவின் பால் ஜானும் பீட் சிங்கிள் மால்ட் தயாரிக்கின்றன. அவை ஸ்காட்ச் அல்ல, ஆனால் பக்கத்தில் வைத்துச் சுவைக்கத் தகுதியானவை. அம்ருத் இதற்கான பீட் பார்லியை ஸ்காட்லாந்திலிருந்தே தருவிக்கிறது. நம் வெப்பத்தில் மரம் வேகமாக வேலை செய்வதால் இளவயதிலேயே ஓக்கின் இனிப்பு புகையோடு கலந்துவிடுகிறது.

பல வகைகளை ஒரே அமர்வில் சுவைத்தால் எந்த வரிசை?

புகையற்றவை முதலில், புகை மிகுந்தவை கடைசியில். ஆர்ட்பெக்குக்குப் பிறகு எந்த மென்மையான விஸ்கியும் தண்ணீர்போலத்தான் தெரியும். இடையில் சாதாரணத் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும். மசாலாக் கடலை, சிக்கன் 65 போன்றவை சுவைப்பு முடிந்த பிறகு வரட்டும். ஊதுவத்தி, வாசனைத் திரவியம், சிகரெட் ஆகியவற்றுக்கும் அறையில் இடமில்லை.

திறந்த புட்டியை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

திறக்காத புட்டி பல்லாண்டுகள் தாங்கும். திறந்தபின் உள்ளே புகும் காற்று மெல்ல மெல்ல வேலை செய்யும். முதலில் போவது புகையின் கூர்மையும் பழமணமும்தான். பாதிக்கு மேல் இருக்கும் புட்டியை ஓராண்டுக்குள்ளும், கால்வாசி மட்டுமே எஞ்சியதைச் சில மாதங்களுக்குள்ளும் முடித்துவிடுவது நல்லது. அவ்வளவு சீக்கிரம் முடிக்க இயலாதென்றால் சிறிய கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி மூடி வைக்கலாம். ஒயினைப்போலப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வைக்க வேண்டும், ஏனெனில் வலுவான ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். வெயில் படாத அலமாரியின் கீழ்த்தட்டு ஏற்றது. சமையலறை அடுப்புக்கு மேலுள்ள தட்டும், மொட்டைமாடிக்குக் கீழுள்ள சூடான அறையும் ஏற்றவை அல்ல.